சொந்தப் பாட்டை ஏற்ற எந்த டிஸ்ட்ரிபியூட்டர்?

கேள்வி, 11 மார்ச் 2024

அண்ணா, நானும் நண்பனும் சேர்ந்து நாலு பாட்டு முடித்து வைத்திருக்கிறோம். மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாம் ஆகிவிட்டது. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன், இன்ஸ்டா ரீல்ஸ் எல்லாவற்றிலும் வர வேண்டும். அங்கெல்லாம் கொண்டுசேர்க்கும் டிஸ்ட்ரிபியூட்டர் கம்பெனிகளில் டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி, ரூட்நோட் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஸ்டூடியோ அண்ணன் ஒருவர், "கமிஷன் எடுக்காதவனிடம் போ, வேறு எதையும் பார்க்காதே" என்கிறார். சரியா? சித்திரை ஒன்றாம் தேதி வெளியிட ஆசை. கையில் இரண்டாயிரம் ரூபாய் இருக்கிறது.

11 மார்ச் 2024, இரவு

அவர் சொல்வது சரிதான் தம்பி. மொத்தம் மூன்று வகை. வருடச் சந்தா கட்டினால் எத்தனை பாட்டு வேண்டுமானாலும் ஏற்றலாம், கடைகளிடமிருந்து, அதாவது ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் போன்றவற்றிடமிருந்து, வருவது முழுக்க உனக்கு. டிஸ்ட்ரோகிட் 2013இல் இந்த வழியில்தான் வந்தது. ஆல்பத்துக்கு இவ்வளவு என்று வருடாவருடம் வாங்கிக்கொண்டிருந்த டியூன்கோரும் 2022இல் இதே வழிக்கு வந்துவிட்டது. இரண்டாவது, ஒரு வெளியீட்டுக்கு ஒரே முறை பணம், அப்புறம் வருவதில் 9 சதவீதம் அவர்களுக்கு: சிடி பேபி. மூன்றாவது, கையிலிருந்து எதுவும் கட்ட வேண்டாம், வருவதில் 15 சதவீதம் போகும்: ரூட்நோட்டின் இலவசத் திட்டம். நாலு பாட்டு இருக்கிறது, வருடச் சந்தா போடு. முடிந்தது.

12 மார்ச் 2024

நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். "முடிந்தது" என்று எழுதியிருக்கிறேன். எனக்கு நடந்ததை எனக்கே சொல்லத் தோன்றவில்லை பார்.

2021இல் என் பாட்டு மூன்று, வருடச் சந்தா வகைக் கம்பெனி ஒன்றில் இருந்தது. பெயர் வேண்டாம், தப்பு பாதி என்னுடையது. அந்த வருடம் அக்டோபர் 1 முதல், கார்டில் தானாகப் பணம் பிடிப்பதற்கு ரிசர்வ் வங்கியின் புது விதி வந்தது ஞாபகம் இருக்கிறதா? வெளிநாட்டுச் சந்தாக்கள் பலருக்கு அப்போது வரிசையாக அறுந்தன. எனக்கும் நவம்பரில் சந்தா போகவில்லை. கம்பெனி மூன்று மெயில் அனுப்பியிருக்கிறது. மூன்றும் ஜிமெயிலில் ப்ரமோஷன்ஸ் பக்கத்தில், ஜவுளிக்கடைத் தள்ளுபடிகளுக்கு நடுவில் கிடந்தன. நான் பார்க்கவில்லை.

டிசம்பரில் இன்ஸ்டாவில் ஒரு செய்தி. நார்வேயிலிருந்து, முன்பின் தெரியாத ஒருவர்: "அண்ணை, உங்கட பாட்டு என்ர லிஸ்ட்ல சாம்பலாக் கிடக்கு. எடுத்துப்போட்டீங்களோ?"

ஸ்கிரீன்ஷாட்டும் போட்டிருந்தார். ஆப்பிள் மியூசிக்கில் அவருடைய பட்டியல். மேலும் கீழும் உள்ள பாட்டுகள் பளிச்சென்று இருக்க, நடுவில் என் பாட்டின் பெயர் மட்டும் வெளிறிப்போய். தொட்டால் பாடாது. என் பாட்டு கடையிலிருந்து இறங்கியது எனக்குத் தெரிவதற்கு முன்னால் ஆஸ்லோவில் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதனால் ஸ்டூடியோ அண்ணன் சொன்னது பாதிதான் சரி. கமிஷனைப் பார்க்கட்டும். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நான் பணம் கட்டுவதை நிறுத்தும் நாளில் பாட்டு என்ன ஆகும்?

12 மார்ச் 2024, மாலை

நண்பர் ஒருவர் திருத்துகிறார், ஒப்புக்கொள்கிறேன். டிஸ்ட்ரோகிட்டில் ஒரு பாட்டுக்கோ ஆல்பத்துக்கோ தனியாக ஒருமுறை பணம் கட்டிவிட்டால், சந்தா நின்றாலும் அது இறங்காது. "லீவ் எ லெகசி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது சொத்து எழுதிவைப்பது போலவே கேட்கிறது. ஆனால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும், "எத்தனை வேண்டுமானாலும்" என்ற கவர்ச்சி அங்கேயே கரைந்துவிடும். சந்தாக் கட்டணத்தை மட்டும் பார்த்துவிட்டு உட்காராதே. கூட வரும் சின்னச் சின்ன டிக் பெட்டிகளையும் கூட்டிப் பார்.

13 மார்ச் 2024

இந்தத் தொழிலில் என்னை முதலில் ஏமாற்றியது விநியோகஸ்தர் என்ற சொல். என் அப்பா தலைமுறைக்கு விநியோகஸ்தர் என்றால் மினிமம் கேரண்டி கொடுத்து டிடி ஏரியாவை, அதாவது திருச்சி தஞ்சாவூரை, வாங்குகிறவர். படம் ஓடாவிட்டால் தலையில் துண்டு போட்டுக்கொள்வது அவர். இங்கே தலையும் நம்முடையது, துண்டும் நம்முடையது. இவர்கள் செய்வது கூரியர் வேலை. வேவ் ஒலி ஃபைலையும் அட்டைப் படத்தையும் பெயர்களையும் வாங்கி, கடைகளுக்கு அனுப்பி, வரும் கணக்கைப் பிரித்துத் தருகிறார்கள். கூரியர்காரன் பாட்டை ஹிட் ஆக்குவான் என்று காத்திருந்து நான் ஒன்றரை வருடம் வீணாக்கினேன்.

16 மார்ச் 2024

சித்திரை ஒன்று என்றாயே, அது இந்த முறை ஞாயிற்றுக்கிழமை. நாள் நட்சத்திரம் உன் விருப்பம். ஆனால் ஸ்பாட்டிஃபையில் பாட்டுப் பட்டியல் போடும் எடிட்டர்களுக்குப் பாட்டைக் காட்ட வேண்டுமானால் வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னால் அது அவர்களுடைய ஆர்ட்டிஸ்ட் பக்கத்தில் தெரிய வேண்டும். அதற்கும் முன்னால் டிஸ்ட்ரிபியூட்டர் சரிபார்க்க நாள் வேண்டும், உன் அட்டைப் படத்தைத் திருப்பி அனுப்பினால் இன்னும் நாலு நாள். மூன்று நான்கு வாரம் விட்டுத் தேதி குறி. என் முதல் பாட்டைத் தீபாவளிக்கு என்று சொல்லிவிட்டு வியாழன் இரவு ஏற்றினேன். கார்த்திகைக்கு வந்தது.

17 மார்ச் 2024

எந்தக் கம்பெனி என்பதைவிட எனக்கு அதிகம் வலித்தது பெயர் விவகாரம். இதை யாரும் முதலிலேயே சொல்வதில்லை, நீளமாகவே சொல்கிறேன்.

நமக்கு இனிஷியல் உண்டு. முதல் பாட்டில் இனிஷியலுக்குப் பின் புள்ளி வைத்தேன். இரண்டாவதில் புள்ளி இல்லை. மூன்றாவதை நண்பன் ஏற்றினான், இனிஷியலுக்குப் பதில் என் அப்பா பெயரை முழுசாக அடித்து, கடைசியில் கொண்டுபோய் வைத்துவிட்டான். கடைகளுக்கு நான் மூன்று ஆள். மூன்று பக்கம், மூன்று கணக்கு. ஒரு பக்கத்துக்கு மாதம் நாற்பது பேர், இன்னொன்றுக்குப் பன்னிரண்டு, மூன்றாவதற்கு மூன்று. அந்த மூன்றில் இரண்டு நானும் என் அம்மாவும். இதற்கிடையில் புள்ளி இல்லாத பக்கத்தில் என் பெயரே கொண்ட வேறு ஒருவரின் பக்திப் பாடல் ஆல்பம் வந்து உட்கார்ந்துகொண்டது. நல்ல குரல், எனக்குத்தான் வாழ்த்து வந்தது. எல்லாவற்றையும் ஒன்றாக்க எழுதிக் கேட்டு நாற்பது நாள் ஆனது.

பெயரை ஒரு முறை முடிவு செய், புள்ளி, இடைவெளி உட்பட. ஒரு காகிதத்தில் எழுதி கம்ப்யூட்டர் மேல் ஒட்டு. இரண்டாவது பாட்டு ஏற்றும்போது "ஏற்கனவே பக்கம் இருக்கிறதா" என்று கேட்பார்கள். அவசரத்தில் "இல்லை" என்று அழுத்திவிடாதே.

அப்புறம் பாட்டின் பெயர். ஆங்கில எழுத்தில் போட்டால் "ழ" உன்னைப் பார்த்துச் சிரிக்கும். ஒருவர் இசட்-எச் போடுவார், ஒருவர் வெறும் இசட், ஒருவர் எல். என் மழைப் பாட்டை எல் போட்டுத் தேடியவர்கள் எல்லாம் பழனிமலைக்கும் சபரிமலைக்கும் போய்விட்டார்கள். சரி, தமிழ் எழுத்திலேயே போடலாம் என்று போட்டேன். மொழி என்ற இடத்தில் "ஆங்கிலம்" என்று ஏற்கனவே இருந்ததை மாற்ற மறந்தேன், திருப்பி அனுப்பினார்கள். மொழியைத் தமிழ் என்று மாற்றியதும் போனது. ஆனால் எங்கள் தெருப் பையன்கள் கைபேசியில் தமிழில் அடிப்பதில்லை, தமிழ் எழுத்தில் உள்ள பாட்டு அவர்கள் கண்ணிலேயே படவில்லை. இப்போது நான் ஆங்கில எழுத்துத்தான் போடுகிறேன், மனசில்லாமல். "ழ" வராத தலைப்பாகத் தேர்ந்தெடுக்கிறேன் என்றும் சொல்லலாம்.

17 மார்ச் 2024, பத்து நிமிடம் கழித்து

அட்டைப் படத்தில் தமிழ் எழுத்து போட்டால் ஏற்றுவதற்கு முன் பெரிதாக்கிப் பார். சில மென்பொருளில் "கொ" உடைந்து, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அந்தக் கொம்போடு வெளியான ஆல்பம் ஒன்று என் நண்பர் வட்டத்தில் உண்டு. நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

21 மார்ச் 2024

யூடியூப் கன்டென்ட் ஐடி போடலாமா என்று தனியாகக் கேட்டிருந்தாய். போட்டால், உன் பாட்டை வேறு யாராவது வீடியோவில் வைத்தால் யூடியூப் தானாகக் கண்டுபிடிக்கும், அதில் வரும் விளம்பரப் பணம் உனக்கு வரும். பெரும்பாலும் தனிக் கட்டணம், பங்கும் எடுப்பார்கள்.

நான் போட்டேன். முதலில் மாட்டியது என் சொந்தச் சேனல். என் பாட்டை நானே திருடிவிட்டேன் என்று எனக்கே நோட்டீஸ். சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொன்னதும் சரியானது, அது சிரித்துவிட்டுப் போகும் விஷயம்.

இரண்டாவது சிரிக்கும்படி இல்லை. அந்தப் பாட்டின் தொடக்கத்தில் வரும் தம்புரா ஒலி நான் வாசித்ததல்ல, விலைக்கு வாங்கிய லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடும் ரெடிமேட் ஒலித்துண்டு. காசு கொடுத்த யாரும் எடுத்துப் போடலாம். அதே லூப்பை ஒரு கல்யாண வீடியோகிராஃபர் தன் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். அவர் வீடியோ மேல், அந்த ஒலி என்னுடையது என்று என் பெயரில் க்ளெய்ம் விழுந்தது. நம்பர் தேடிப் பிடித்து போன் செய்து, "தம்புராவைக் கண்டுபிடிச்சதே நீங்கதானா சார்?" என்று கேட்டார். பதில் இல்லை என்னிடம். வேறு யாருக்கும் உரிமை இல்லாத ஒலிகள் மட்டும் இருந்தால்தான் அந்தப் பெட்டியை டிக் செய்யலாம் என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது. நான் படிக்காமல் டிக் செய்தவன்.

உங்கள் பாட்டில் வரும் தவில் லூப்பை எங்கிருந்து எடுத்தான் என்று நண்பனிடம் கேள்.

22 மார்ச் 2024

உரிமை என்றதும் மாமா ஞாபகம். கேசட் காலத்தில் கார்த்திகை பிறந்தால் மாமா ஐயப்பன் பாட்டுக் கேசட் பாடுவார். ஒரே பேமெண்ட், பத்திரத்தில் கையெழுத்து, ஒரு வேட்டி. போன வருடம் அந்தப் பழைய கேசட்டை நான் கம்ப்யூட்டரில் ஏற்றி, குடும்பம் பார்க்க யூடியூபில் போட்டேன். கேசட்டுக்காரர் குடும்பம் ஏற்கனவே எல்லாவற்றையும் டிஜிட்டலில் கொடுத்திருக்கிறார்கள் போல, ஒரு மணி நேரத்தில் க்ளெய்ம் வந்தது. சட்டப்படி அவர்கள் பக்கம்தான். ஒலிப்பதிவின் உரிமை அதைத் தயாரித்தவருக்கு, வெளியான அடுத்த வருடத்திலிருந்து 60 வருடம். மாமாவிடம் சொன்னேன். "பாட்டு கேக்குதுல்ல, விடு" என்றார்.

இதைச் சொல்லக் காரணம், கடனாக முன்பணம் தருகிறோம், உரிமையை எழுதிக் கொடு என்று இப்போதும் வருகிறார்கள். சாதாரண டிஸ்ட்ரிபியூட்டர் ஒப்பந்தத்தில் உரிமை உன்னிடமே இருக்கும், கொண்டுபோகும் அனுமதி மட்டும் அவர்களுக்கு. ஒப்பந்தத்தில் "மாற்றித் தருகிறேன்" என்ற பொருளில் ஏதாவது வரி இருந்தால் அங்கேயே நிறுத்து.

25 மார்ச் 2024

கணக்குக்கு வருவோம். ஸ்டூடியோ அண்ணனுக்காக.

2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு கடந்த 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்குப் பணம். 999 என்றால் பூஜ்யம். பூஜ்யத்தில் 9 சதவீதம் போனால் என்ன, 15 போனால் என்ன? இலவசத் திட்டம் மட்டமானது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பாட்டு விட்டுவிட்டுப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவனுக்கு அதுதான் புத்திசாலித்தனம். கையிலிருந்து போகாது, சந்தா அறுந்து பாட்டும் இறங்காது.

என் பழைய கணக்குத் தாளை எக்செலில் திறந்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வரியிலும் கடை, நாடு, எத்தனை முறை, எவ்வளவு டாலர். இந்தியா என்று வரும் வரிகளில் புள்ளிக்குப் பின் மூன்று பூஜ்யம் தாண்டித்தான் எண்ணே தொடங்குகிறது. இலவசமாக விளம்பரத்தோடு கேட்பவர்கள் இங்கே அதிகம், அதனால் பங்கு சிறுத்துப் போகிறது. கீழே வந்தால் ஆப்பிள் மியூசிக், நார்வே, 11 முறை. அந்தப் பதினொன்றுக்கு வந்தது, மேலே உள்ள நூறுக்கு வந்ததைவிடக் கூடுதல். ஒரே ஆள்தான் என்று நினைக்கிறேன்.

26 மார்ச் 2024

"ஐநூறு ரூபாய்க்குப் பத்தாயிரம் ஸ்ட்ரீம்" என்று வாட்ஸப்பில் வரும். ஆயிரம் தாண்ட வேண்டும் என்று நான் நேற்று எழுதியதைப் பார்த்து ஆசை வந்துவிடப் போகிறது, அதனால் சொல்கிறேன். வேண்டாம். பச்சையாகத் தெரியும் பொய்க் கேட்புகளுக்கு ஸ்பாட்டிஃபை இப்போது டிஸ்ட்ரிபியூட்டரிடம் பாட்டுக்கு இவ்வளவு என்று அபராதம் போடுகிறது. அவர்கள் அதை உன் தலையில் கட்டுவார்கள், அல்லது பாட்டை இறக்குவார்கள்.

30 மார்ச் 2024

வரி. அமெரிக்கக் கம்பெனி என்றால் டபிள்யூ-8பென் என்று ஒரு படிவம் வரும். நிரப்பாவிட்டால் 30 சதவீதம் பிடிப்பார்கள். நிரப்பினாலும் 30 தான் என்று ஒரு குழுவில் எழுதியிருந்தேன், தப்பு. இந்தியாவோடு உள்ள ஒப்பந்தப்படி ராயல்டிக்கு 15, அதுவும் அமெரிக்காவிலிருந்து வரும் வருமானத்துக்கு மட்டும். பான் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்.

இன்னொன்று, பாட்டு வரிகள் எழுதிய உன் நண்பனை, பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகச் சொல். மெட்டுப் போட்டவனும் சேரலாம். டிஸ்ட்ரிபியூட்டர் தருவது ஒலிப்பதிவுக்கான பணம். எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சேர வேண்டியது அந்த வழியில் வராது. நாலு பாட்டில் யாருக்கு எத்தனை பங்கு என்று இப்போதே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்களாக இருக்கும்போதே.

2 ஏப்ரல் 2024

"ஒரு கம்பெனியில் போட்டுவிட்டு அப்புறம் மாறலாமா?" மாறலாம். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்று 12 எழுத்து, எண் சேர்ந்த அடையாளம் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரே தருவார். என்னுடையது கியூ-இசட் என்று தொடங்குகிறது, அமெரிக்காவுக்கு ஒதுக்கிய எழுத்து. உறையூரில் ரெக்கார்ட் செய்த பாட்டுக்கு அமெரிக்கப் பிறப்புச் சான்றிதழ். அதனால் உரிமை எங்கும் போய்விடாது, பயப்படாதே.

மாறும்போது அதே எண், அதே வேவ் ஃபைல், அதே தலைப்பு, அதே பெயர். முதலில் புதிய இடத்தில் ஏற்றி, கடைகளில் தெரிந்த பிறகு பழைய இடத்தில் இறக்கு. இப்படிச் செய்தால் பழைய கேட்பு எண்ணிக்கை கூடவே வரும்.

நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். பாட்டு ஏற்கனவே இறங்கிவிட்டது, எண்ணை எங்கும் குறித்து வைக்கவில்லை, பழைய கணக்கில் உள்ளே நுழைய முடியவில்லை. மெயிலில் கிடந்த ஒரு பழைய எக்செல் தாளின் ஓர வரிசையில் மூன்று எண்ணும் இருந்தன. ஒரு முறைக் கட்டண வகைக்கு மாறி, அதே எண்களைக் கொடுத்து ஏற்றினேன். இரண்டு வாரத்தில் ஸ்பாட்டிஃபையில் பழைய எண்ணிக்கை திரும்பியது. நார்வேக்காரருக்கு எழுதினேன். அவர் பட்டியலில் மட்டும் அந்த வரி தெளியவே இல்லையாம், அழித்துவிட்டுத் தேடி மறுபடி சேர்த்துக்கொண்டார். "இப்ப பாடுது அண்ணை" என்று ஒரு வரி.

9 ஏப்ரல் 2024

தம்பி எழுதியிருக்கிறான்: நாலையும் தனித்தனியாக விடாமல் ஒரே வெளியீடாகச் சேர்த்து, ஒரு முறைக் கட்டணத்தில் போடுகிறார்களாம். நாலு கட்டணத்துக்குப் பதில் ஒன்று. நான் சொல்லவில்லை, அவனே கண்டுபிடித்தது. மாதம் ஒரு பாட்டு விடுகிற ஆளாக இருந்தால் வருடச் சந்தாதான் என்று இன்னமும் சொல்வேன். ஆனால் கார்டை நம்பாதே, நாள்காட்டியில் எழுதி வை.

15 ஏப்ரல் 2024

படம் திரும்பி வந்துவிட்டதாம். காரணம் கேட்டேன். கச்சேரிக்குக் கூப்பிடுவதற்கு என்று நண்பன் அட்டையில் தன் போன் நம்பரைப் போட்டிருக்கிறான். கேசட் அட்டையில் போடுவார்களே, அது போல. கடைகள் நம்பர், இணைய முகவரி எதையும் படத்தில் ஏற்பதில்லை. மாமா கேட்டால் சந்தோஷப்படுவார்.

26 ஏப்ரல் 2024

வெளியானது, வெள்ளிக்கிழமை. மூன்றாவது பாட்டு நன்றாக இருக்கிறது. தவில் லூப் இல்லை, உண்மையான ஆள் வாசித்திருக்கிறார்.

19 ஆகஸ்ட் 2024

கடைகள் கணக்கு அனுப்ப இரண்டு மூன்று மாதம் ஆகும், இப்போதுதான் தம்பிக்கு முதல் தாள் வந்தது. அனுப்பியிருக்கிறான். எல்லாம் சேர்த்து ஒரு டாலர் தொடவில்லை. ஸ்பாட்டிஃபையில் நாலும் ஆயிரத்தைத் தாண்டவில்லை. ஆனால் கீழே ஒரு வரி: ஆப்பிள் மியூசிக், நார்வே, 6 முறை.

அவரிடம் கேட்டேன்.

"நான்தான் அண்ணை. இழையை வாசிச்சுப்போட்டுத்தான் போனனான். மூண்டாவது பாட்டு."